ஊசி ஒத்துக்காதது யாருக்கு?

பிப்ரவரி 5
மூன்றாம் மாடி வார்டு, ஜன்னலோரக் கட்டில்

தங்கைக்கு,

மூன்று வருடமாக எழுதாதவள் எழுதுகிறாளே, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதே. இதுவரை யாரும் போகவில்லை. போவதாக இருந்தால் அது நான்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபோனில் சொல்லக்கூடாதா என்பாய். என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பது ஒரு காரணம். இன்னொன்று, பத்து நாளாக என் இடது காதுக்குள் யாரோ விசில் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். ஃபோனில் நீ கத்தினாலும் அந்த விசில்தான் கேட்கும்.

நடந்தது இதுதான். ஐந்து வாரம் விட்டுவிட்டுக் காய்ச்சல். வேலை அலுப்பு என்று நினைத்து, கோர்ட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தேன். ஒரு நாள் சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போதே குறிப்பெடுக்கும் மிஷின் மேல் சரிந்துவிட்டேன். இதய வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கிறதாம். மாத்திரைக்கெல்லாம் அது அசையாது. ஆறு வாரம் நரம்பு வழியாக ஊசி மருந்து ஏற்ற வேண்டும், ஒரு வேளையும் தவறக்கூடாது.

இந்தக் கிருமிக்கு முதல் மருந்து பென்சிலின் வகைதான். ஆனால் சேர்ந்த அன்றே நர்ஸ் கேட்டாள், "எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காதா?" நாற்பது வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். "பென்சிலின் ஊசி ஆகாது" என்றேன். உடனே மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலாக வேறு இரண்டு மருந்து ஏறுகிறது. அவை கிருமியை அடிக்கின்றன, கூடவே சிறுநீரகத்தையும் காதையும் ஒரு கை பார்க்கின்றன. ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்க்கிறார்கள். சிறுநீரகம் தளர்ந்தால் அது ஏறும். வந்தபோது 0.8, இன்று 1.5. காதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவதுதான் என் பிழைப்பு. காது போனால் நீதிபதியின் வாயசைவைப் பார்த்தா எழுதுவேன்?

டாக்டரம்மா நேற்று வந்து உட்கார்ந்து கேட்டார். "அப்போ உங்களுக்கு என்ன வயசு? ஊசி போட்டு எவ்வளவு நேரத்துல வந்துச்சு? வெறும் தடிப்பா, மூச்சும் திணறுச்சா? அதுக்கப்புறம் அந்த வகை மாத்திரை எதுவும் சாப்பிட்டிருக்கீங்களா? நேர்ல பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

நாலு கேள்விக்குப் பதில் சொன்னேன். ஐந்தாவதுக்கு, அம்மா இல்லை. அப்பா அப்போது வெளியூர் வேலையில் இருந்தார், அவருக்கும் ஒன்றும் தெரியாது, அவரும் இல்லை. மீதி நீதான். எனக்கு ஏழு வயது, உனக்கு ஐந்தரை. அன்று நீ பார்த்ததை மட்டும் எழுது. கூட எதையும் சேர்க்காதே.

உன் அத்தானின் வேன் செவ்வாயும் வெள்ளியும் உன் ஊர்ப் பக்கம் சரக்கு இறக்க வருகிறது. இதை உன் கண்ணாடிக் கடையில் கொடுத்துவிட்டு வருவார். பதிலையும் அவரிடமே கொடு.

அக்கா

*

பிப்ரவரி 9
கண்ணாடிக் கடை, மதிய இடைவேளை

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

"தங்கைக்கு" என்று ஒற்றைச் சொல்லில் நீ தொடங்கினால் நானும் இப்படித்தான் தொடங்குவேன். வெள்ளிக்கிழமை அத்தான் கடை வாசலில் வந்து நின்றபோது, கண் பரிசோதனைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கவரை நீட்டினார். ஆள் பாதியாகிவிட்டார். நன்றாகச் சாப்பிடச் சொல்.

மூன்று நாளாகத் தூக்கமில்லை. உன்னிடம் கோபமாக இருக்கிறேன் என்பது வேறு. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்பது வேறு. இரண்டையும் ஒரே காகிதத்தில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது நீ ஏதோ தப்பாக எழுதிவிட்டாய் என்று நினைத்தேன். அக்கா, அந்த ஊசி ஒத்துக்காமல் போனது எனக்கு. உனக்கு இல்லை. எனக்கு!

இரண்டு பேருக்கும் தொண்டை வீங்கிக் காய்ச்சல். கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஊசி போட்டார். முதலில் உனக்கு, நீ பெரியவள் என்று. அடுத்து எனக்கு. அவர் பையை மூடுவதற்குள் என் உதடு தடித்துவிட்டது. கண் இடுங்கிவிட்டது. அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினாள். நான் அவள் முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைகளெல்லாம் பின்பக்கமாக ஓடின. சைக்கிள் கடை, மாவு மில், எல்லாம் சின்னதாகிக்கொண்டே போயின. நீ வாசலில் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்று அழுதுகொண்டிருந்தாய். அப்படி நிற்கிற உன்னை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

அதற்குப் பிறகு நம்மில் யாரை எந்த டாக்டரிடம் கூட்டிப்போனாலும் அம்மா ஒரே வாக்கியம்தான் சொல்வாள், "என் பொண்ணுக்கு இந்த ஊசி ஆகாது டாக்டர்." எந்தப் பெண் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எந்த வம்பும் வேண்டாம் என்று இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிவைத்தாள். நீ அதைக் கேட்டுக்கேட்டு உன்னுடையதாக்கிக்கொண்டாய்.

அம்மா கடைசியாகப் படுத்தபோது எனக்குச் சொல்லாமல் அவளை உனக்கே உனக்கென்று வைத்துக்கொண்டாய். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இப்போது எனக்கு வந்த வீக்கத்தையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாயா?

சரி, விடு. உனக்கு ஒன்றும் வரவில்லை என்பது நல்ல செய்திதானே! அந்த மருந்தைத் தாராளமாகப் போடச் சொல். காதைக் காப்பாற்றிக்கொள்.

தங்கை

*

பிப்ரவரி 11

சிட்டு,

கோபத்திலும் உன் எழுத்து கிறுக்கலாகவில்லை. அம்மா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

இருபத்தாறு வருடம் சாட்சி சொல்பவர்களைக் கேட்டு எழுதியவள் நான். பொய் சொல்பவர்கள் என்னைக் குழப்பியதே இல்லை. உண்மை என்று நம்பிக்கொண்டே எதிரெதிராகப் பேசும் இரண்டு நல்ல மனிதர்கள்தான் குழப்புவார்கள். இப்போது அதில் ஒருத்தியாக நானே உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன். அம்மா இரண்டு கையாலும் என்னை ஏந்திக்கொண்டு ஓடினாள். அவள் வளையல் என் முழங்காலுக்குப் பின்னால் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு செருப்பு வழியில் கழன்று விழுந்தது, அதை எடுக்கச் சொல்லி அழுதேன், சத்தம் வரவில்லை. வாசலில் நின்றது நீ. நீ சொல்லும் அந்த ஒற்றைச் செருப்பு என் செருப்பு. தோளில் போட்டுக்கொண்டு ஓடினாளா, கையில் ஏந்திக்கொண்டு ஓடினாளா? இரண்டும் நடந்திருக்க முடியாது.

உன் அத்தானிடம் சொன்னேன். "அதுக்கென்ன, ரெண்டு பேரையும் தூக்கிட்டு ஓடியிருப்பாங்க" என்கிறார். நம் அம்மா இருந்த எடைக்கு, நம்மில் ஒருத்தியைத் தூக்கியதே அதிசயம். "உங்களுக்கு என்ன தெரியும், சும்மா இருங்க" என்றேன். சும்மா இருந்துவிட்டார்.

நேற்று இன்னொரு கூத்து. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது கழுத்து, முகமெல்லாம் சிவந்து அரிப்பெடுத்தது. "பாத்தீங்களா, இதுவும் எனக்கு ஒத்துக்கல!" என்று கத்தினேன். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுச் சொட்டைக் குறைத்தாள். "இது அலர்ஜி இல்லம்மா. வேகமா ஏறினா இந்த மருந்து இப்படித்தான் பண்ணும். ரெண்டு மணி நேரம் மெதுவா ஏத்தினா சரியாயிடும்." சரியாகிவிட்டது. என் உடம்பில், என் கண் முன்னால், நேற்று நடந்ததையே நான் தப்பாகச் சொன்னேன். நாற்பத்து நாலு வருடத்துக்கு முன் நடந்ததை எந்த முகத்தோடு அடித்துச் சொல்வது?

அலர்ஜி உண்மையாக இருந்து அந்த மருந்தைப் போட்டால், சில நிமிடத்தில் மூச்சு அடைத்துப் போகலாமாம். இல்லாத அலர்ஜிக்குப் பயந்து போடாமல் விட்டால் சிறுநீரகம், காது. இன்றைக்கு 1.8. காலையில் காது பரிசோதனை. சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இடது பக்கம் நான் வெகுநேரம் எதையும் அழுத்தவில்லை. பரிசோதிக்கும் பெண் என்னைப் பார்க்காமல் குறிப்பெடுத்தாள். அப்படி முகத்தைப் பார்க்காமல் எழுதுவது எப்போது என்று எனக்குத் தெரியும்.

உன்னை ஜெயிக்க இதைக் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கிறேன். உனக்கு நிச்சயமாகத் தெரியுமா?

அக்கா

*

பிப்ரவரி 13

அக்கா,

அத்தான் கடைக்குள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைக் காக்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் கடையில் எழுத்துப் பலகை இருக்கிறதே, சிலர் அதைப் பார்க்காமலே படிப்பார்கள். முன்னால் போனவர் படித்தது காதில் விழுந்திருக்கும், அதை ஒப்பித்துவிடுவார்கள். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, தெரிகிறது என்றே நினைத்துக்கொள்வார்கள். அவர்களைப் பிடிக்க நான் பலகையைத் தலைகீழாக மாற்றுவேன். நேற்றெல்லாம் என் ஞாபகத்தையும் அப்படிக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி மேஜையில் இருந்த வெள்ளை விரிப்பு. அதற்கு முன்னால் தெரு. அதற்கு முன்னால் அம்மாவின் தோள், அதில் துணி சோப்பு வாசனை. அதற்கு முன்னால் வாசலில் நீ. எல்லாம் வரிசையாக வருகிறது. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. அம்மா என்னைத் தூக்கியதாக எனக்கு இருக்கும் ஞாபகமே அது ஒன்றுதான். உனக்கு நிறைய இருக்கும், நீ முதல் பிள்ளை. நான் பிறந்ததிலிருந்து அவளுக்குத் தீராத இடுப்பு வலி. "நடந்து வா, நீ பெரிய பொண்ணாச்சே" என்பாள். ஐந்து வயதில் பெரிய பெண்! அன்றைக்கு மட்டும்தான் எதையும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதை நான் எப்படி மாற்றி நினைப்பேன்?

எழுதிக் கையெழுத்துப் போட்டே தருகிறேன். ஒத்துக்காமல் போனது எனக்கு. உனக்கு இல்லை. டாக்டரிடம் காட்டு.

அத்தான் எழுந்துவிட்டார்.

தங்கை

*

பிப்ரவரி 16

சிட்டு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை டாக்டரம்மா படித்தார்.

"அப்போ உங்களுக்கு எதுவும் வரலைன்னு உங்க தங்கச்சி உறுதியா சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

நான் வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டேன். "எனக்கும் ஊசி போட்டாங்க, ஒண்ணும் ஆகல. ஆனது அவளுக்கு" என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது தெரியுமா! சொல்லி முடித்ததும் வாசலில் நான் நிற்பதுபோலவே தெரிய ஆரம்பித்துவிட்டது. ஞாபகம் என்பது இவ்வளவுதானா?

டாக்டரம்மாவுக்கு நிம்மதி. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு மருந்து வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டுமாம், அதெல்லாம் இனி தேவையில்லை என்றார். கத்தரிக்கோலால் சிவப்புப் பட்டையை வெட்டி எடுத்தார்கள். புதன்கிழமை, 18ஆம் தேதி, காலை பதினொரு மணிக்கு முதல் வேளை.

தூக்கியது யாரை என்ற வழக்கில் உன் பக்கம் தீர்ப்பு. எடுத்துக்கொள். நீ அப்படி எழுதியிராவிட்டால் நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். ஒரே ஒரு ஞாபகம் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு உன் அத்தான் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அதனால் நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா கடைசியாகப் படுத்தபோது "சின்னவளை அலைக்கழிக்காதே" என்று சொன்னது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. இன்னும் நாள் இருக்கிறது, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது நான். நாள் இருக்கவில்லை. அது என் தப்பு. அம்மாவின் காரியத்தன்று எல்லார் முன்னாலும் "ஏன் சொல்லல?" என்று நீ என்னைக் கேட்டதற்கு இதுதான் பதில். அப்போது சொல்ல வாய் வரவில்லை.

இனி நீதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஊசிக்கோ மாத்திரைக்கோ போகும்போது, பல் டாக்டரானாலும் சரி, உனக்குப் பென்சிலின் ஆகாது என்று முதலில் சொல்லிவிடு. மறந்துவிடாதே.

அக்கா

*

பிப்ரவரி 18, காலை 9.40
வார்டு கதவுக்கு வெளியே, பெஞ்சில்

அக்கா,

ஊசி போட்டுக்கொள்ளாதே. போட விடாதே.

கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன். பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்கிறார் காவலாளி. நேற்று ராத்திரி முழுக்க வார்டு ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. உன் ஃபோன் அணைத்திருந்தது. அத்தான் வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். இந்தக் காகிதத்தை நர்ஸிடம் கொடுத்து, உன்னிடம் தருவதற்கு முன்னால் அவரையே படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ "பல் டாக்டரானாலும் சரி" என்று எழுதியிருந்தாயே. அதைப் படித்ததும்தான் ஞாபகம் வந்தது. போன வருடம் கடைவாய்ப் பல் பிடுங்கினேன். வாய் மரத்துப்போயிருந்தது, ஏதோ கேட்டார்கள், ஏதோ தலையாட்டினேன். ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். சீட்டு டிராயரிலேயே இருந்தது. தேடி எடுத்துப் பக்கத்து மருந்துக் கடையில் காட்டினேன். "அமாக்சிசிலின். பென்சிலின் குடும்பம்தாங்க" என்றார். இருபத்தொரு மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன், அக்கா. ஒரு தடிப்பு கூட வரவில்லை.

அப்படியென்றால் அது நான் இல்லை. நீதான். உன்னைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்றது நான்தான். கடைகள் பின்பக்கமாக ஓடியது எப்படி என் தலைக்குள் வந்தது என்று தெரியவில்லை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு நீ சொல்லிச்சொல்லி நான் கேட்டிருப்பேன். எனக்கு வேண்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். எடுத்தது எடுத்ததுதான், இப்போது திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அது வேண்டாம். நீ இருந்தால் போதும்.

கையெழுத்துப் போட்டேனே, அதைக் கிழித்துப் போடு.

சிட்டு

*

பிப்ரவரி 18, பகல் 12.15
(உன் காகிதத்தின் பின்பக்கம்)

சிட்டு,

போடவில்லை. நர்ஸ் மருந்துத் தட்டோடு கட்டிலுக்கு வந்துவிட்டாள். பெயர் கேட்டாள், பிறந்த தேதி கேட்டாள், "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று வழக்கம்போலக் கேட்டாள். நான் "இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தபோது இன்னொரு நர்ஸ் உன் காகிதத்தோடு ஓடிவந்தாள். தட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டது.

டாக்டரம்மா வந்தார். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்காம விடமாட்டீங்க போலிருக்கு" என்றார். அப்புறம் அவரே சொன்னார், "தப்பு என் மேலயும் இருக்கு. ஒரு கடிதத்தை நம்பிப் பட்டையை வெட்டியிருக்கக் கூடாது." பரிசோதனை மருந்து நாளை மறுநாள் வரும். அதுவரை பழைய மருந்துதான். சிவப்புப் பட்டையை மறுபடியும் கட்டிவிட்டார்கள். சிறுநீர் அளவு குறைகிறது என்று நர்ஸ் குடுவையைத் தூக்கித்தூக்கிப் பார்க்கிறாள்.

நீ சாப்பிட்டாயா? கீழே கேன்டீனில் எதையாவது சாப்பிடு. இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டாம், ஊருக்குப் போ.

போக மாட்டாய். தெரியும்.

அக்கா

*

பிப்ரவரி 19
அதே பெஞ்ச்

அக்கா,

காவலாளிக்கு இப்போது நான் பழகிவிட்டேன். கண்ணில் பூ விழுந்திருக்கிறது அவருக்கு, காட்டச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டரம்மா வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்து என்னை அரைமணி நேரம் விசாரித்தார். என் மாத்திரைக் கதையைக் கேட்டுவிட்டு, "அதை வச்சும் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார். சின்ன வயதில் வந்த அலர்ஜி பத்து இருபது வருடத்தில் பலருக்கு மறைந்துவிடுமாம். அதனால் அன்றைக்கு வீங்கியது நானாகவும் இருக்கலாம், இன்றைக்கு எனக்கு ஒன்றும் வராமலும் இருக்கலாம். நீயாகவும் இருக்கலாம். கம்பவுண்டர் கலந்த வேறு எதுவோ ஒத்துக்காமலும் போயிருக்கலாம்.

"அப்போ யாருன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தேவையில்லை. இன்னைக்கு உங்க அக்கா உடம்பு என்ன சொல்லுதுங்கிறது மட்டும்தான் எனக்கு வேணும்" என்றார்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. நான் நிச்சயம் என்று எழுதினேன், உன் பட்டையை வெட்டினார்கள். "அது நான் இல்லை" என்று எழுதினேன், ஊசியை நிறுத்தினார்கள். இரண்டு தடவையும் எனக்கு உண்மையில் எதுவும் தெரியாது. ஒரு கடிதத்தால் உன்னைக் கொன்றிருப்பேன். இல்லை, இன்னொரு கடிதத்தால் கொன்றுகொண்டிருக்கிறேனா? இந்த இரண்டு நாளில் உன் இன்னொரு காதும் போய்விட்டால் அது என்னால்தானே?

எதையாவது எழுதி அனுப்பு. "ம்" என்று மட்டும் எழுதினால்கூடப் போதும்.

சிட்டு

*

பிப்ரவரி 20, மாலை 5.30

சிட்டு,

நேற்று "ம்" எழுதக்கூடக் கை எழும்பவில்லை. குமட்டல். 2.1 என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்று எழுதுகிறேன், நிதானமாகப் படி.

காலை எட்டு மணிக்கு முன்கையில் நாலு இடத்தில் குத்தினார்கள். கால்மணி நேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பினால் மருந்து இல்லை, காதை மறந்துவிட வேண்டியதுதான். உப்பவில்லை. தோலுக்குள் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார்கள். அதற்கும் ஒன்றுமில்லை.

அப்புறமும் அவசரப்படவில்லை. பத்து மணிக்கு முழு அளவில் நூறில் ஒரு பங்கு. பக்கத்திலேயே நர்ஸ், கையில் எமர்ஜென்சி ஊசி தயார், தலைமாட்டில் ஆக்சிஜன். கால்மணிக்கு ஒரு தடவை பிரஷர். அரைமணி நேரம் கழித்துப் பத்தில் ஒரு பங்கு. மறுபடியும் காத்திருந்தோம். டாக்டரம்மா கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டார். "தொண்டை அடைக்குதா? நாக்கு தடிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் எனக்கு அடைப்பது போலத்தான் இருந்தது, பயத்தில். அதையும் மறைக்காமல் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, எச்சில் முழுங்குங்க" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு முழு அளவும் ஏறியது. இதை எழுதும்போது இரண்டாவது வேளை ஏறிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒத்துக்கொள்கிறது, சிட்டு. ஃபைலில் அப்படியே எழுதிவிட்டார்கள், பரிசோதித்த தேதியோடு. காதைக் கெடுத்த மருந்தை நிறுத்தியாகிவிட்டது. சிறுநீரகம் மெல்லத் திரும்பிவிடும் என்கிறார்கள். இடது காதில் போனது போனதுதானாம். வலது காது தப்பித்தது. இன்னும் ஒரு நாலைந்து நாள் போயிருந்தால் இதுவும் நிச்சயமில்லை என்றார் டாக்டரம்மா. நீ நிறுத்தியதால்தான் நான் இப்படிப் பத்திரமாக ஏற்றிக்கொண்டேன், அதை மட்டும் நினைத்துக்கொள். மற்றதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

அன்றைக்கு ஊசி யாருக்கு ஒத்துக்காமல் போனது என்று இந்தப் பரிசோதனை சொல்லவில்லை. இனி எதுவும் சொல்லப்போவதில்லை. ஊருக்குப் போனதும் நீயும் ஒரு தடவை முறையாகப் பார்த்து எழுதி வாங்கிக்கொள். பல் டாக்டரின் மாத்திரையை நம்பி இருந்துவிடாதே.

வளையல் குத்தியது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. உன்னிடமிருந்து வந்ததோ, என்னுடையதோ, தெரியவில்லை. நீ திருப்பிக் கொடுத்ததை நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரே ஒன்று வைத்திருப்பவளிடமிருந்து அதை வாங்கி நான் என்ன செய்யப்போகிறேன்?

உன் அத்தான் தன் பாஸை உன்னிடம் கொடுக்கக் கீழே வந்துகொண்டிருக்கிறார். வாங்கிக்கொண்டு உள்ளே வா. கட்டிலுக்கு வலது பக்கம் ஸ்டூல் போட்டிருக்கிறது, அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் எனக்குக் கேட்கும். அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதை முதலிலிருந்து சொல். நான் குறுக்கே பேசமாட்டேன்.

அக்கா